லைட் குக்கிங் மட்டும்

இதில் யாருடைய பெயரையும் நான் எழுதப்போவதில்லை. இரக்கப்பட்டு அல்ல. பெயர் போட்டால் வழக்கறிஞர் கடிதம் வரும் என்று என் கணவர் சொல்கிறார், அதனால்தான். அந்தப் பெண்மணி இதைப் படிக்க நேர்ந்தால், தன்னைத்தான் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும்.

கல்யாணமான புதிதில் நாங்கள் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தோம். அவருக்குக் கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர் வேலை. எனக்கு ஒரு சரக்குக் கம்பெனியின் கணக்குப் பிரிவில். இருவரும் சம்பாதிக்கிறோம், கெட்ட பழக்கம் எதுவும் இல்லை, வாடகையை ஒழுங்காகக் கட்டுவோம், பிறகென்ன என்று நினைத்திருந்தோம்.

விளம்பரத்தைப் பார்த்து நான்தான் ஃபோன் செய்வேன். ஏஜெண்டுகள் முதலில் கேட்பது எந்த இனம் என்பதைத்தான். இந்தியர் என்றதும் அடுத்த கேள்வி வரும்: "இந்தியன் இந்தியனா, சிங்கப்பூர் இந்தியனா?" முதல் தடவை எனக்கு அது புரியவே இல்லை. இந்தியன் இந்தியன் என்றால் இரண்டு மடங்கு இந்தியன் போலிருக்கிறது. அந்த இரண்டு மடங்குக்கு எங்கேயும் இடமில்லை. ஒரு பெண் ஏஜெண்டு மட்டும் இன்னும் கொஞ்சம் பொறுமையாக, "நீங்கள் வீட்டில் சமைப்பீர்களா?" என்று கேட்டாள். சமைப்போம் என்றேன். "ஓ" என்றாள். அத்தோடு அந்த வீடும் போனது.

கடைசியில் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அலுவலகத்தில் தமிழ் ஏஜெண்டு ஒருவரைப் பிடித்தோம். "நம்மாளு வீடே ஒண்ணு இருக்கு லா. புக்கிட் மேராவுல. லேடி தனியா இருக்காங்க. ஒரு ரூம் தருவாங்க" என்றார். நம்மாளு என்ற சொல்லைக் கேட்டதும் அலைச்சல் தீர்ந்தது என்றே நினைத்தேன். அன்றைக்கு மாலை வீரமாகாளி சன்னதியில் நின்று தேங்காய்கூட உடைத்தேன். இப்போது நினைத்தால் அந்தத் தேங்காய்க்குக்கூட மனசு வலிக்கிறது.

வீட்டுக்கார அம்மா கணவரை இழந்தவர். பள்ளிக்கூட அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். முடிக்குக் கறுப்புச் சாயம், பாத்தேக் துணியில் தைத்த நீள அங்கி, தரையில் நம் முகம் தெரிகிற அளவுக்குச் சுத்தம். ஒரே மகள் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில். எங்களை உட்கார வைத்து நிபந்தனைகளைச் சொன்னார்.

"ஏர்கான் ராத்திரிக்கு மட்டும். ஃப்ரிட்ஜுல கீழ்த்தட்டு உங்களுக்கு. கிச்சன்ல லைட் குக்கிங் மட்டும்."

"லைட் குக்கிங்னா என்ன ஆன்ட்டி?"

"மீ, அதான் நூடுல்ஸ், போடலாம். முட்டை அவிக்கலாம். பால் காய்ச்சலாம். தாளிக்கக் கூடாது, பொரிக்கக் கூடாது. மசாலா வாசனை காரிடர் முழுக்கப் போவும். சீனங்க நிறைய இருக்கிற அடுக்குமாடி புளோக் இது."

தாளிக்காமல் என்னத்தைச் சமைப்பது? ஆனால் ஊர் முழுக்க ஃபோன் செய்து ஓய்ந்திருந்தோம். சரி என்றோம். ஓர் ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டோம்.

அந்த வீட்டில் நாங்கள் அவித்த முட்டைக்கு அளவில்லை. அந்த அம்மாவோ வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணி போடுவார். புகை சன்னல் வழியாக வெளியேறி, தாழ்வாரத்தில் பனி இறங்கியதுபோல் நிற்கும். அது வாசனைக் கணக்கில் வராது போலிருக்கிறது என்று நானும் என் கணவரும் அறைக்குள் கிசுகிசுத்துச் சிரிப்போம்.

பிறகு நான் உண்டானேன். முதல் மாதங்களில் எதுவும் இறங்கவில்லை. வாந்தி நின்றபோது பசி வந்தது. சாதாரணப் பசி இல்லை. அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும்போது கருவாட்டுக் குழம்பின் நினைப்பு வந்து கண்ணில் நீர் முட்டும். கடையில் வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்தேன். கடைக் குழம்பில் கருவாடு இருந்தது, குழம்பு இல்லை.

ஏழாம் மாதத்தில் ஒருநாள் விடுப்பில் இருந்தேன். அந்த அம்மா காத்தோங் கோயிலுக்குப் போயிருந்தார். தேக்கா சந்தையில் வாங்கிப் பல உறைகளில் சுற்றி, என் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த நெத்திலிக் கருவாட்டை எடுத்தேன். வாசல் கதவின் அடியில் ஈரத்துண்டைத் திணித்தேன். தாழ்வாரத்துப் பக்கச் சன்னல்களை மூடினேன். கத்தரிக்காயும் மொச்சையும் போட்டு, புளி கூட்டி, கடுகு வெடிக்கும்போது யாரோ துப்பாக்கி சுட்டதுபோல் நடுங்கி, குழம்பு வைத்தேன். சட்டியிலேயே சோற்றைப் போட்டு நின்றபடியே தின்றேன். வயிற்றுக்குள் என் மகள் புரண்டாள். அப்புறம் எலுமிச்சைத் தோலால் அடுப்பைத் தேய்த்து, விசிறியை ஓடவிட்டு, எல்லாத் தடயங்களையும் அழித்தேன். ஒரு திருடி அப்படித்தான் செய்வாள்.

அந்த அம்மா சாயங்காலம் வந்தார். மூக்கை உறிஞ்சினார்.  மறுநாள் என் கணவர் வேலை முடிந்து வந்ததும் எங்கள் இருவரையும் கூடத்துக்குக் கூப்பிட்டார்.

"பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டி கம்ப்ளெய்ன் பண்ணிட்டாங்க. அந்த வாசனையில வாந்தி வருதாம். டவுன் கவுன்சிலுக்கு எழுதிப் போடுவேன்னு சொல்றாங்க."

"சாரி ஆன்ட்டி. ஒரே ஒருநாள் ஆசையா இருந்துச்சு. இனிமே செய்ய மாட்டேன்."

"நாங்க வேணா அவங்ககிட்ட நேர்ல போய் மன்னிப்புக் கேட்டுடறோம்" என்றார் என் கணவர்.

"வேணாம், வேணாம். நீங்க போய் நின்னா இன்னும் கோவம்தான் வரும்." பிறகு அந்த அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: "நாங்க தலைமுறை தலைமுறையா இங்க இருக்கோம்மா. எங்களுக்குன்னு ஒரு மரியாதை இருந்துச்சு. ஊர்லேர்ந்து நீங்கல்லாம் வர ஆரம்பிச்சப்புறம்தான் எங்களையும் சேர்த்துப் பார்த்து மூக்கைப் பொத்திக்கிறாங்க. மாசக் கடைசிக்குள்ள வேற இடம் பார்த்துக்குங்க."

"ஆன்ட்டி, எனக்கு இது ஏழாவது மாசம்."

"தெரியும்மா. அதனாலதான் மாசக் கடைசி வரைக்கும் டைம் தர்றேன்."

ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை என்று நாங்கள் வாயைத் திறக்கவில்லை. வெட்கம் வாயை அடைத்துவிட்டது. வெளியே போகும்போது பக்கத்து வீட்டு வாசலைக் கடக்க வேண்டும். கம்பிக் கதவுக்குப் பின்னால் அந்தச் சீன மூதாட்டி தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பார். நான் துப்பட்டாவால் முகத்தை மறைத்துக்கொண்டு போவேன்.

லிட்டில் இந்தியாவில் ஒரு கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் அறை கிடைத்தது. மாடிப்படி ஏணிபோலச் செங்குத்தாக இருக்கும். வயிற்றைச் சுவரில் உரசியபடி ஏறுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ப் பையன்கள் தெருவை நிறைத்து நின்று, வீட்டுக்கு ஃபோனில் பேசும் சத்தம் மேலே வரைக்கும் வரும். மகள் பிறந்து அந்த அறைக்குத்தான் வந்தாள். கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. காலையிலிருந்து தாளிப்பு வாசனை. யாருக்கும் யாரைப் பார்த்தும் மூக்கைப் பொத்தத் தோன்றாத இடம் அது. இருந்தாலும் நான் பொத்தினேன். மீன் பொரித்தால் சன்னலை அடைத்தேன். பின்னால் வேறு வேறு வீடுகளுக்கு மாறியபோதும் அடைத்தேன். மின்தூக்கியில் சீனர் யாராவது ஏறினால் என் சட்டையை நானே மோந்து பார்ப்பேன். மகள் ஒருநாள், "அம்மா, ஒய் யூ ஆல்வேஸ் ஸ்மெல் யுவர்செல்ஃப்?" என்று கேட்டாள். அதற்கான பதில் புக்கிட் மேராவில் இருந்தது.

காலம் போயிற்று. நிரந்தரவாசம் கிடைத்தது, அப்புறம் குடியுரிமை. சொந்தமாக வீவக வீடு, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீடு, வாங்கலாம் என்று தேட ஆரம்பித்தோம். அப்போதுதான் இனவாரி ஒதுக்கீட்டை நாங்கள் நேரில் சந்தித்தோம். ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்துக்கும் இத்தனை வீடுதான் என்று உச்சவரம்பு உண்டு. எல்லாரும் கலந்து வாழ வேண்டும் என்பதற்காக வைத்தது. தோபாயோவில் ஒரு சீனத் தம்பதி எங்களை விரும்பி வீட்டைத் தர முன்வந்தார்கள். அந்த புளோக்கில் இந்தியர் அளவு நிறைந்துவிட்டது. அவர்கள் விற்க முடியாது, நாங்கள் வாங்க முடியாது. நான்கு பேரும் தேநீர் குடித்துவிட்டுப் பிரிந்தோம்.

பிறகு ஒரு மதியம், அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில், கைப்பேசியில் வீடுகளைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சமையலறைப் படத்தில் விரல் நின்றது. பச்சை நிற ஓடு பதித்த சுவர். எலுமிச்சைத் தோலால் நான் தேய்த்த அதே அடுப்பு மேடை. புக்கிட் மேரா. அதே புளோக்.

சொன்னால் நம்ப வேண்டும், என் உடம்பில் ஒரு சந்தோஷம் ஓடியது.

ஏஜெண்டுக்கு ஃபோன் செய்தேன். இளம் சீனப் பையன். எடுத்த எடுப்பில், "நீங்கள் சைனீஸா?" என்று கேட்டான். இல்லை, இந்தியர் என்றேன். "ஓ, வெரி குட்!" என்றான். என் வாழ்க்கையிலேயே ஒரு வீட்டு ஏஜெண்டு அந்தப் பதிலுக்கு வெரி குட் சொன்னது அதுதான் முதல் தடவை. விஷயம் என்னவென்றால், அந்த புளோக்கில் சீனர் அளவு நிரம்பி வழிந்தது. இனி அங்கே ஒரு சீனர் வீடு வாங்க வேண்டுமானால் இன்னொரு சீனரிடமிருந்துதான் வாங்க முடியும். தமிழ்ப் பெண்மணியின் வீட்டை இந்தியரோ மலாய்க்காரரோதான் வாங்கலாம். சீனர்கள் வந்து பார்த்து, ஆசைப்பட்டு, விதியைத் தெரிந்துகொண்டு திரும்பிப் போகிறார்களாம். மேல்முறையீடு செய்தும் பலனில்லையாம். அதே மாடியில் ஒரு சீனர் வீடு நல்ல விலைக்குப் போனதை வீட்டுக்கார அம்மா தினமும் சொல்லிப் புலம்புகிறாராம். மகள் குடும்பச் செலவுக்குப் பணம் கேட்டிருக்கிறாள். செங்காங்கில் முதியோருக்கான சின்ன வீடு ஒன்றுக்கும் பதிவு செய்தாகிவிட்டது. விற்றே ஆக வேண்டும்.

இத்தனையையும் அந்தப் பையன் என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னான். நான் கேட்டுக்கொண்டேன்.

நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். முடியைக் குட்டையாக வெட்டி, கண்ணாடி போட்டிருந்தேன். அந்த அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அறை அறையாகக் காட்டினார். நாங்கள் இருந்த அறைக்கு வந்ததும், "இது ரொம்ப ராசியான ரூம்" என்றார். நான் தலையாட்டினேன்.

கேட்ட விலையைவிட மிகக் குறைவாகக் கேட்டேன். மறுத்தார். காத்திருந்தேன். சில வாரம் கழித்து, முதலில் கேட்டதைவிட இன்னும் குறைத்துக் கேட்டேன். ஏஜெண்டுப் பையன் ஏற்றுவேன் என்று எதிர்பார்த்திருப்பான் போல, தொகையைத் திருப்பித் திருப்பிக் கேட்டான். மறுபடி காத்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் இறக்கினேன். எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், வேறு யாரும் வரப்போவதில்லை.

என் கணவர், "நாளைக்கு நாம விக்கும்போதும் இதே கதைதான், ஞாபகம் வச்சுக்க. அந்த விதிக்கு நீ ஊர்க்காரியா, அவங்க உள்ளூரான்னெல்லாம் தெரியாது" என்றார். உண்மைதான். ஏஜெண்டுகள் பிரித்த இரண்டு இந்தியர்களை அரசாங்கம் ஒரே கட்டத்தில் போட்டிருந்தது. நாளையைப் பற்றி நாளைக்குப் பார்ப்போம் என்றேன்.

கடைசியில் அந்த அம்மா விலையில் இறங்கி வந்தார். கையெழுத்துப் போட அந்த வீட்டு மேசையிலேயே உட்கார்ந்தோம். என் அடையாள அட்டையைக் கையில் வாங்கிப் பெயரைப் படித்தவர், நிமிர்ந்து என் கணவரைப் பார்த்தார், பிறகு என்னை.

"நீயா?"

"ஆமா ஆன்ட்டி."

"வேணும்னே செய்றியா?"

"நான் என்ன செஞ்சேன்? மார்க்கெட் என்ன விலையோ அதுதானே கேட்டேன்."

அவர் அட்டையைத் திருப்பித் தந்தார். கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, செங்காங் வீட்டின் சாவி கிடைக்கும் வரை சில மாதம் இங்கேயே தங்கிக்கொள்ள அனுமதி கேட்டார். விற்றவர் அப்படிக் கேட்பது வழக்கம்தான். நான் முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். என் கணவர் மேசைக்கடியில் என் காலை அழுத்தினார். "வயசானவங்க, விடு."

"சரி, இருங்க" என்றேன். "ஆனா வீடு இனி எங்களோடது. கிச்சன்ல லைட் குக்கிங் மட்டும் ஆன்ட்டி."

ஏஜெண்டுப் பையன் ஏதோ நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தான். அந்த அம்மா சிரிக்கவில்லை.

சொன்னதோடு நான் விடவில்லை. வீடு கைமாறிய பிறகு, தச்சரோடு அளவெடுக்க என்று ஒரு ஞாயிறு போனேன். அவர் மேசையில் தனியாக உட்கார்ந்து, கடையில் வாங்கிய பொட்டலத்தைப் பிரித்து நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அடுப்பு துடைத்து வைத்தபடியே இருந்தது. "சமைக்கல, பார்த்துக்க" என்றார். அவரைப் பார்த்துப் பரிதாபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. நல்ல விருந்து சாப்பிட்டு எழுந்தவள்போல வெளியே வந்தேன். அன்று ஏதோ நேராகிவிட்டது என்று நினைத்தேன்.

அவர் காலி செய்து போனதும் நாங்கள் குடிவந்தோம். முதல் வாரமே கருவாட்டுக் குழம்பு வைத்தேன். வாசல் கதவு, தாழ்வாரத்துச் சன்னல், எல்லாவற்றையும் விரியத் திறந்து வைத்தேன். பக்கத்து வீட்டுக் கிழவி வரட்டும் என்று காத்திருந்தேன். ஒரு பழிதான் தீர்ந்திருந்தது. இன்னொன்று பாக்கி. அவர் வந்ததும் என்ன சொல்ல வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

வந்தார். இன்னும் கூன் விழுந்திருந்தது. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்து, "சால்ட் ஃபிஷ் ஆ?" என்றார்.

"ஆமாம். வாசனை பிடிக்கவில்லையா? முன்பும் நீங்கள்தானே புகார் செய்தீர்கள், நான் வயிற்றுப்பிள்ளையோடு இருந்தபோது?"

அவர் புரியாமல் விழித்தார். நான் விளக்கினேன். விளக்க விளக்க என் குரல் ஏறியது. முழுதும் கேட்டுவிட்டு அவர் கையை விசிறினார்.

"நான் எங்க கம்ப்ளெய்ன்? சால்ட் ஃபிஷ் நானும் சமைக்கிறேன் லா. கறி ஓக்கே. அந்தப் புகைதான் நாட் ஓக்கே. வெள்ளிக்கிழமை புகை. அது ஒன்டைம் அந்த லேடிகிட்ட சொன்னேன். அவள் என்கிட்ட பேசுறதையே நிறுத்திட்டாள்."

சொல்லிவிட்டு, கொஞ்சம் கிண்ணத்தில் கொடு என்பதுபோல் சட்டியை நோக்கிக் கையைக் காட்டினார். கொடுத்தேன். கதவைச் சாத்திவிட்டுச் சமையலறையில் தரையில் உட்கார்ந்தேன். எத்தனை வீட்டுச் சன்னல்களை மூடியிருக்கிறேன். எத்தனை மின்தூக்கிகளில் மூச்சை அடக்கியிருக்கிறேன். எவ்வளவு காலம் இந்தக் கிழவியை மனதுக்குள் வைத்து வைதிருக்கிறேன். எல்லாம் ஒரு பொய்க்கு.

செங்காங் முகவரி என்னிடம் இருந்தது. கிளம்பிப் போய்க் கதவைத் தட்டத்தான் நினைத்தேன். என் கணவர் தடுத்தார். ஆனால் சிங்கப்பூர் சின்ன ஊர். தமிழர்களுக்கு இன்னும் சின்னது. தீபாவளிக்கு முந்திய வாரம் தேக்கா சந்தையில், மீன் கடை வரிசையில், ஈரத் தரையில் தள்ளுவண்டியை இழுத்தபடி அவரே எதிரில் வந்தார். என்னைப் பார்த்ததும் பழகியவர்போலச் சிரித்தார்.

"ஆன்ட்டி, அந்தச் சீன ஆன்ட்டி கம்ப்ளெய்ன் பண்ணவே இல்லையாம்."

சிரிப்பு நின்றது. மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை.

"ஒரு கம்பெனிக்காரங்க ரெண்டு பொண்ணுங்களுக்கு ரூம் கேட்டாங்க. வாடகை கூட. உனக்குப் பிள்ளை வேற பொறக்கப் போவுது, ராத்திரி பகலா அழும். எனக்கு முடியாதுன்னு தோணுச்சு."

"அதை நேரா சொல்லியிருக்கலாமே?"

"நேரா சொன்னா ஒப்பந்தத்தைக் காட்டிப் பேசியிருப்பீங்க. சீனங்க கம்ப்ளெய்ன்னு சொன்னா நம்மாளுங்க யாரும் எதிர்த்துப் பேச மாட்டோம் லா. நானே பேச மாட்டேன். அதான் அப்படிச் சொன்னேன்."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்! மீன்காரர் யாருக்கோ வஞ்சிரத்தை வெட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்: "இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஒருநாள்கூட உங்களை அந்த வீட்டுல தங்க விட்டிருக்க மாட்டேன்."

"தெரியும்" என்றார். வண்டியின் பிடியை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். "அங்க நாப்பது வருஷம் இருந்தேன். செங்காங்ல யாரையும் தெரியல. ஒருநாள் வந்து வீட்டைப் பார்த்துட்டுப் போவட்டுமா?"

"வராதீங்க ஆன்ட்டி."

அவர் தலையை ஆட்டிவிட்டு, தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு கூட்டத்துக்குள் போனார். வீட்டுக்கு வந்து சொன்னபோது என் கணவர், "வரச் சொல்லியிருக்கலாம், என்ன குறைஞ்சுடப் போவுது" என்றார். அவர் நல்லவர். அவர் வயிற்றில் பிள்ளையோடு அந்த மாடிப்படி ஏறியதில்லை. அதன்பிறகு இரண்டொரு முறை ஏஜெண்டுப் பையன் மூலம் அந்த அம்மா கேட்டனுப்பினார். பொங்கலுக்கு வரட்டுமா என்று ஒரு தடவை, சும்மா கீழே நின்று பார்த்துவிட்டுப் போகட்டுமா என்று ஒரு தடவை. புளோக்கின் கீழே யார் வேண்டுமானாலும் நிற்கலாம், அது பொது இடம், மேலே வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.